பொன் கிடைத்த திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், யோக்யகர்த்தா அரண்மனை வாசலில் நிற்கிறேன். கதவு சாத்தியிருக்கிறது. பக்கத்தில் நின்றிருந்த சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் சிரித்துக்கொண்டே "துத்துப்" என்றார். மூடியிருக்கிறது என்று பொருள். அந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்ட முதல் இந்தோனேசியச் சொல் அதுதான்.

நடந்தது 2023 அக்டோபரில். சிங்கப்பூரில் ஆபீஸ் வேலை முடிந்து கையில் இரண்டு நாள் மிச்சமிருந்தது. பாலிக்குத்தான் எல்லோரும் போகிறார்களே, நாம் ஜோக்ஜாவுக்குப் போவோம் என்று (யோக்யகர்த்தாவை ஊர்க்காரர்கள் அப்படித்தான் சுருக்கிச் சொல்கிறார்கள்) ஞாயிறு இரவு இறங்கி செவ்வாய் மதியம் கிளம்புகிற மாதிரி டிக்கெட் போட்டேன். போடும்போது மலிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். போரோபுதூர் என்கிற பெரிய பௌத்த ஸ்தூபி மேல் ஏற திங்கட்கிழமை அனுமதி கிடையாது. அரண்மனைக்கு விடுமுறை. சோனோபுதோயோ அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை. பிரம்பனான் கோவில் அருகே நடக்கும் ராமாயண நாட்டியம் செவ்வாய் இரவு. அந்த நேரத்தில் நான் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தேன்.

ரிக்‌ஷாக்காரர் அடுத்ததாக ஒரு யோசனை சொன்னார். பக்கத்துத் தெருவில் பாத்திக் ஓவியக் கண்காட்சி நடக்கிறதாம், இன்றுதான் கடைசி நாளாம். இந்தக் 'கடைசி நாள்' அங்கே வருடம் முழுக்க நடப்பது என்று பிறகுதான் தெரிந்தது. அரண்மனை திறந்திருக்கும் நாளிலும் "மூடிவிட்டார்கள்" என்று சொல்லி ஆட்களைத் திருப்புகிறவர்கள் உண்டு. என்னிடம் அவர் பொய் சொல்லவில்லை, அன்று திங்கட்கிழமை. கையால் வரைந்தது என்று சொல்லி விற்ற இரண்டரை மீட்டர் துணியை அம்மாவுக்காக வாங்கினேன்.

திருச்சிக்கு வந்து அம்மா கையில் கொடுத்ததும், பட்டுப்புடவை வாங்கும்போது செய்வதைப் போலத் துணியைத் திருப்பிப் பார்த்தாள். "உள்பக்கம் வெளுத்திருக்கே. இது மிஷின்ல அடிச்சதுடி." முடிந்தது. சாந்திங் என்கிற சின்னக் குழல் மூக்கு வைத்த பேனாவில் உருக்கிய மெழுகை எடுத்து, துணியின் இரண்டு பக்கமும் கோடு இழுப்பதுதான் அசல் பாத்திக். இரு புறமும் ஒரே அழுத்தத்தில் நிறம் நிற்கும். ஜாவாவைப் பார்த்தே இராத அம்மா அரை நிமிடத்தில் கண்டுபிடித்தாள்.

இந்த வருடம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மறுபடி போகிறேன். ஒரு மாதமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் செய்வது இந்தத் திட்டம்தான். அம்மாவின் முதல் கேள்வி, "யோக்யகர்த்தான்னா என்னடி அர்த்தம்?"

ராமனின் அயோத்திதான் அந்தப் பெயரின் வேர் என்பார்கள். "அப்ப அயோத்திக்கா போறோம்?" என்றாள். ஒரு வகையில் ஆமாம். 1755இல் கியாந்தி உடன்படிக்கையின்படி மாத்தாராம் அரசு இரண்டாகப் பிரிந்தபோது, ஒரு பாதியை எடுத்துக்கொண்ட முதலாம் ஹமெங்குபுவோனோ உருவாக்கிய தலைநகர் இது. அரசர் முஸ்லிம், ஊர்ப் பெயர் அயோத்தியிலிருந்து, அரண்மனையில் ஆடுவது மகாபாரதக் கதை. இந்தக் கலவையை ஊரில் யாரும் விளக்க மெனக்கெடுவதில்லை. டச்சுக்காரர்களோடு சண்டை நடந்தபோது, 1946 முதல் 1949 வரை, புதிய குடியரசின் தலைநகராகவும் இருந்திருக்கிறது. அந்த நன்றிக்கடனோ என்னவோ, இன்றும் அது சிறப்பு மாகாணம். தேர்தல் இல்லாமல் சுல்தானே ஆளுநர். இப்போதிருப்பவர் பத்தாம் ஹமெங்குபுவோனோ.

வடக்கே மெராப்பி எரிமலை, தெற்கே இந்தியப் பெருங்கடல். இரண்டுக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு. அந்தக் கோட்டில் துகு என்கிற வெள்ளைத் தூண், அதிலிருந்து மாலியோபோரோ கடைத்தெரு, அப்புறம் அரண்மனை, அதற்கும் தெற்கே கிராப்யாக் மேடை. முதல் சுல்தான் ஊரையே அப்படித்தான் வரைந்தார். 2023இல் யுனெஸ்கோ இந்த அச்சை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? "ஸ்ரீரங்கத்துல ராஜகோபுரத்துல நுழைஞ்சு நேரா நடந்தா ரங்கநாதர்கிட்ட போற மாதிரி" என்றேன். "அப்ப வழி தெரியாம போக முடியாது" என்றாள். சரிதான். தங்குமிடம் தேடும்போது எனக்கு இதுவே விதியாகிவிட்டது: அந்தக் கோட்டிலிருந்து ஆட்டோ தூரத்தைத் தாண்டி எதையும் பார்ப்பதில்லை. மாலியோபோரோவிலேயே தங்கினால் நடுராத்திரி வரை குதிரைவண்டி, பாட்டு, கூட்டம். அரண்மனைக்குத் தெற்கே பிராவிரோதாமான் என்றொரு பேட்டை இருக்கிறது. சின்னச் சின்ன விடுதிகள், மரங்கள், காலையில் நடக்கத் தோதான சந்துகள். அங்கே தரைத்தளத்தில் ஒரு அறை போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால்.

விசா, விமானம் எல்லாம் ஒரு பத்திதான் தேறும். இந்தியர்களுக்கு இறங்கியதும் விசா உண்டு, 5 லட்சம் ரூபியா, 30 நாள். முன்கூட்டியே ஆன்லைனிலும் எடுக்கலாம். வரிசையில் நிற்க வேண்டாம் என்பதற்காக நாங்கள் அப்படித்தான் செய்யப்போகிறோம். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கே மாறி ஜோக்ஜா. புதிய விமான நிலையம் ஊருக்கு மேற்கே 40 கிலோமீட்டருக்குமேல் தள்ளி இருக்கிறது. ஆனால் வாசலிலேயே ரயில். சுமார் 40 நிமிடத்தில் நகர நடுவில் உள்ள துகு நிலையத்துக்கு வந்துவிடலாம். அம்மாவுக்குப் பெரிய அதிர்ச்சி பணத்தில்தான். ஒரு லட்சம் ரூபியா என்றால் நம் காசுக்கு ஐந்நூற்றுச் சொச்சம். "ஒரு சாப்பாட்டுக்கு நாப்பதாயிரமா?" என்று இன்னமும் ஒவ்வொரு முறையும் கேட்கிறாள்.

இனி நாள் பார்ப்பது. இதில்தான் மாட்டிக்கொண்டோம், இதில்தான் அம்மாவுக்கு உற்சாகமே வந்தது.

ஜாவாவில் இரண்டு வாரங்கள் ஒன்றாக ஓடுகின்றன. ஒன்று நமக்குத் தெரிந்த ஏழு நாள் வாரம். மற்றது ஐந்து நாள் வாரம்: லெகி, பாஹிங், பொன், வாகே, கிலிவோன். பசாரான் என்று பெயர். பசார் என்றால் சந்தை. எந்த ஊரில் எந்த நாள் சந்தை கூடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளப் பிறந்த வாரம். ஏழும் ஐந்தும் சேர்ந்து சுழன்றால் 35 நாளுக்கு ஒருமுறை அதே ஜோடி திரும்ப வரும். ஒருவர் பிறந்த ஜோடிக்கு வெத்தோன் என்று பெயர். கல்யாணப் பொருத்தம் பார்க்க, வீடு குடிபோக, தொழில் தொடங்க எல்லாவற்றுக்கும் இதைப் பார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எண் உண்டு, இரண்டையும் கூட்டிப் பலன் சொல்வார்கள். அங்கே சுவரில் தொங்கும் காலண்டரில் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் பொன், வாகே என்று அச்சடித்திருப்பார்கள். நம் தினசரித் தாளில் ராகுகாலமும் சூலமும் இருப்பது மாதிரி. அம்மாவுக்கு இது ஒரு நிமிடத்தில் பிடிபட்டது. எனக்குத்தான் எக்செல் ஷீட் தேவைப்பட்டது.

இப்போதைய சுல்தான் பிறந்தது 1946 ஏப்ரல் 2, செவ்வாய் வாகே. ஒவ்வொரு முறை அந்த ஜோடி வரும்போதும் அதற்கு முந்தைய இரவு, அதாவது திங்கள் பொன் இரவு, அரண்மனையில் கமெலான் கச்சேரி வைக்கிறார்கள். உயோன்-உயோன் ஹாதிலுஹுங் என்று பெயர். சுல்தானின் ஜென்ம நாளுக்கு மரியாதை. வெண்கல கோங்குகளும் கட்டைகளும் வைத்து அரண்மனைக் கலைஞர்களே வாசிக்கிறார்கள். அரண்மனையின் யூடியூப் சேனலில் பழைய கச்சேரிகள் மணிக்கணக்கில் கிடக்கின்றன. ஒரு இரவு அம்மாவும் நானும் ஒன்றைப் போட்டுவிட்டோம். முதல் பத்து நிமிடம் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் பெரிய கோங்கு ஒன்று விழும், அதோடு சின்னச் சத்தங்கள் எல்லாம் வந்து சேரும். நம்ம தாளத்தில் சமம் முதல் அடியில் வரும்; இவர்களுக்குச் சுற்றின் கடைசி அடியில்தான் பெரிய கோங்கு. அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே தலையாட்டினாள். "முடியறப்பதான் சந்தோஷப்படறாங்க" என்றாள்.

ஆக, என்னைக் கவிழ்த்த அதே திங்கட்கிழமைதான், 35 நாளுக்கு ஒருமுறை, அந்த ஊரின் ஆகச் சிறந்த நாள். மழை நவம்பரிலிருந்து மார்ச் வரை; வேண்டாம். திறந்தவெளி நாட்டிய மேடை மே முதல் அக்டோபர் வரைதான். ஜூலை நடுவோடு அவர்களுடைய பள்ளி விடுமுறைக் கூட்டமும் வடிந்துவிடும். எல்லாவற்றையும் போட்டுக் கணக்கிட்டால் 2026 ஜூலை 20 வந்து நின்றது. திங்கள் பொன். அதை நடுவில் வைத்து முன்னும் பின்னும் நாளைக் கட்டினோம். 16ஆம் தேதி வியாழன் இறங்குகிறோம், 22ஆம் தேதி புதன் கிளம்புகிறோம். கச்சேரிக்கு நேரில் இடம் கிடைக்காமலே போகலாம். போனால் விடுதி அறையில் உட்கார்ந்து யூடியூபில் நேரலை பார்ப்போம். அதே ஊரில் உட்கார்ந்து பார்ப்பது வேறுதானே என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

பிரம்பனானை சனிக்கிழமைக்கு வைத்தேன். காரணம் ராமாயண நாட்டியம்; பெரும்பாலும் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில், இரவு ஏழரைக்கு. மூன்று மணிக்கே கோவிலுக்குப் போய்விட்டால் சாயங்கால வெயிலில் கல்லைப் பார்த்துவிட்டு, அப்படியே மேடைக்கு வந்துவிடலாம். ஒன்பதாம் நூற்றாண்டுக் கோவில், நடுவில் சிவன், இரு பக்கமும் பிரம்மாவும் விஷ்ணுவும். சிவன் கோவில் 47 மீட்டர் உயரம். ஒரு காலத்தில் 240 கோவில்கள் கொண்ட வளாகம். பெரும்பாலானவை இன்னும் கற்குவியல்தான், எழுப்பி நிறுத்தியது கொஞ்சம். 2006 மே 27 பூகம்பத்தில் எழுப்பியதிலும் கல் விழுந்தது.

போன முறை செவ்வாய் காலை அங்கே ஓடி ஓடி எடுத்த படங்களைச் சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்குக் காட்டினேன். அம்மாவுக்கு வாஸ்து நூல் எதுவும் தெரியாது. ஆனால் அறுபது வருடமாகக் கோவிலைச் சுற்றியவள்.

"தெற்குல யாரு?"

"அகத்தியர்."

கொஞ்சம் யோசித்தாள். "நம்மூர்ல தட்சிணாமூர்த்தி இருக்கற இடம். இவரும் குருதானே. சரி, மேற்குல?"

"பிள்ளையார்."

"வடக்குல துர்க்கையா?"

துர்க்கைதான். மகிஷாசுரமர்த்தினி. நான் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டாள். நம் சிவன் கோவில் கருவறைச் சுவரில் மாடங்களில் இருக்கிறவர்களுக்கு இங்கே தனித்தனி அறையே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அகத்தியரைக் கண்ணுக்கு நெருக்கமாக எடுத்த படம் ஒன்று இருந்தது. தாடி, தொந்தி, தோள் பக்கத்தில் திரிசூலம். ஒரு பூ கிடையாது, எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது. அம்மா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, "குளிச்சு எத்தனை வருஷம் ஆச்சோ" என்றாள். உண்மையில் அவர் நம்மூர்ச் சாமிகளைவிடச் சுத்தமாக இருக்கிறார்.

அந்தத் துர்க்கைக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் லோரோ ஜொங்ராங். ஒல்லியான கன்னி. அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவனிடம், ஒரே ராத்திரியில் ஆயிரம் கோவில் கட்டு என்றாளாம். அவன் பூதங்களை வைத்து 999 கட்டிவிட்டான். பயந்துபோனவள் ஊர்ப் பெண்களை எழுப்பி, வைக்கோலைக் கொளுத்தி, உரலில் நெல் குத்தச் சொன்னாள். விடிந்துவிட்டது என்று சேவல் கூவ, பூதங்கள் ஓடிவிட்டன. கோபத்தில் அவன் சபித்தான், ஆயிரமாவது சிலையாக அவளே நின்றாள். அம்மாவின் தீர்ப்பு: "பாவம், அவன் வேலை செஞ்சிருக்கான்ல."

நாட்டியத்தில் வசனம் கிடையாது. கமெலான், பாட்டு, உடல் அசைவு, அவ்வளவுதான். 1961இல் ஆரம்பித்தது. பின்னால் விளக்குப் போட்ட பிரம்பனான், முன்னால் மேடை, அனுமன் இலங்கையைக் கொளுத்தும்போது மேடையில் நிஜத் தீ. மொழி தெரியாத ஊரில் இரண்டு மணி நேரம் அம்மா ஒரு கேள்வி கேட்காமல் பார்க்கப்போகும் நிகழ்ச்சி இது ஒன்றுதான் இருக்கும். கதை தெரிந்தவர்களுக்காகவே செய்த மாதிரி இருக்கிறது. ஜூலையில் இரவு கொஞ்சம் குளிரும், கல் இருக்கை. ஒரு சால்வை, ஒரு தலையணை உறை. அந்த உறைக்குள் துணியைத் திணித்து உட்காரலாம்.

போரோபுதூர் விஷயத்தில் வீட்டில் சண்டையே வந்தது. ஊருக்கு வடமேற்கே 40 கிலோமீட்டர், வெள்ளிக்கிழமை காலை. மேலே ஏற வெளிநாட்டவருக்கு சுமார் நாலரை லட்சம் ரூபியா, தரையில் நின்று பார்க்கக் குறைவு. படிகள் தேய்ந்துபோய்விட்டதால் கொஞ்ச காலம் யாரையும் ஏற விடவில்லை. 2023இல் மறுபடி திறந்தபோது நாளொன்றுக்கு 1,200 பேர் என்று வரம்பு வைத்து, வழிகாட்டியோடு, நேரம் குறித்து, அவர்கள் தரும் செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறச் சொன்னார்கள். தாழை இலையில் பின்னிய செருப்பு, பெயர் உபானத். சம்ஸ்கிருதத்தில் உபானஹ் என்றால் காலணி. கோவிலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்றதும் அம்மா, "அப்ப நான் வரலை" என்றாள். கோவில் இல்லை அம்மா, ஸ்தூபி, கல் தேயக்கூடாது என்பதற்காகத்தான் என்று விளக்க அரை மணி நேரம். கடைசியில் முழங்கால் முடிவு செய்தது. படிகள் செங்குத்து. அம்மா கீழே, நான் மேலே.

மேலே போனால் எல்லோரும் மணி மாதிரி இருக்கும் ஓட்டைபோட்ட 72 ஸ்தூபிகளிடம் ஓடி, பின்னால் மலை தெரிய ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். போரோபுதூரே ஒரு புத்தகம் என்பது என் அபிப்பிராயம். 2,672 சிற்பப் பலகைகள் சுவர் சுவராக ஓடுகின்றன. கிழக்கில் தொடங்கி, வலம் வந்து படிக்க வேண்டும். முதல் சுற்றில் 120 பலகைகளில் புத்தர் வாழ்க்கை. ஒரு மணி நேரத்தில் அதைப் படித்து முடிக்க முடியாது. அதனால் நான் உச்சிக்குப் போவதாக இல்லை. முதல் சுற்றுச் சுவர்கள், அப்புறம் அங்கே பலகைகளில் செதுக்கியிருக்கும் கப்பல்கள், அவ்வளவுதான். பாய்மரமும் பக்கவாட்டு மிதவையும் வைத்த அந்தக் கப்பலை அப்படியே கட்டி, 2003இல் ஜகார்த்தாவிலிருந்து கிளம்பி ஆப்பிரிக்காவில் கானா வரை ஓட்டிப் போயிருக்கிறார்கள். அது இப்போது போரோபுதூர் வளாகத்திலேயே ஒரு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அம்மாவை அங்கே உட்கார வைத்துவிட்டுத்தான் நான் மேலே போவேன். கப்பலுக்கு அவர்கள் மொழியிலும் காப்பால்தான். நம்மிடமிருந்து போன சொல். கடைக்குக் கெடாய், குளத்துக்குக் கோலாம். பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் பொழுது போகும்.

சாப்பாடு. அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஜோக்ஜாவின் பெருமை குடெக். பலாமுசுவைத் தேங்காய்ப்பாலிலும் வெல்லத்திலும் மணிக்கணக்கில் வேகவைப்பது. தேக்கிலையைப் போட்டு வேகவைப்பதால் செங்காவி நிறம் வரும். கேட்க நமக்காகவே செய்தது மாதிரி இருக்கும். ஆனால் கூடவே க்ரெச்செக் என்று ஒன்று வைப்பார்கள், மாட்டுத்தோல் வறுவல். பலாவுக்குள்ளேயே கோழி போட்டுச் சமைக்கிற கடையும் உண்டு. போதாததற்கு சம்பால் என்கிற மிளகாய்த் துவையலில் தெராசி, காயவைத்த இறாலில் செய்த விழுது, கண்ணுக்கே தெரியாது. எனவே அம்மாவுக்கு ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: தான்பா தாகிங், தான்பா இக்கான், தான்பா தெலூர், தான்பா தெராசி. இறைச்சி, மீன், முட்டை, இறால் விழுது இல்லாமல். தினமும் இரண்டு தடவை சாமி மந்திரம் மாதிரி சொல்லிப் பார்க்கிறாள். வெறும் சோறும் டெம்பேயும் எங்கும் கிடைக்கும். டெம்பே என்றால் சோயாவைப் புளிக்கவைத்து அடையாகக் கட்டியது, பொரித்தால் நன்றாக இருக்கும். பக்பியாவில் எனக்குக் கவலை இல்லை. உள்ளே பாசிப்பருப்புப் பூரணம், வெளியே மெல்லிய மாவு, சுழியத்தின் சீனத்துச் சித்தப்பா. இருந்தாலும் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் பெட்டியில் ஏறிவிட்டன, நான் சொல்லாமலே. என் சொந்தக் கருத்து, குடெக் ரொம்பத் தித்திப்பு. இரண்டாவது கவளத்துக்கு மேல் ஊறுகாய் தேடும்.

அந்த வீணாய்ப்போன திங்கட்கிழமையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் ராத்திரி குடித்த காப்பி. துகு ரயில் நிலையத்துக்கு வடக்கே தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். தரையில் பாய். பால் இல்லாத கடுங்காப்பியைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அடுப்பிலிருந்து கனல் கரித்துண்டை இடுக்கியால் எடுத்து அதில் போடுகிறார்கள். 'ஜோஸ்' என்று சத்தம் வருகிறது, அதனால் கோப்பி ஜோஸ். கரி கொஞ்ச நேரம் உள்ளேயே முணுமுணுத்துவிட்டு அடங்கும். மேலே மெல்லியதாகச் சாம்பல். வாயை ஓரமாக வைத்துக் குடிக்க வேண்டும். "காப்பில கரியைப் போட்டா அதுக்குக் காசு வேறயா?" என்றாள் காப்பியைப் பற்றித் தனிக் கொள்கைகள் உடைய அம்மா. ஆனால் திங்கட்கிழமைக் கச்சேரிக்கு அப்புறம் அங்கே போகலாம் என்று நோட்டில் அவள் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது.

அந்தத் திங்கள் பகலுக்கு வேறு வேலையும் வைத்திருக்கிறேன். பெரிங்ஹார்ஜோ சந்தை. இந்த முறை அம்மா கூட இருப்பதால் துணியைத் திருப்பிப் பார்க்க ஆள் உண்டு. கத்தி வரிசையாகச் சாய்ந்திருப்பது போன்ற பாராங் கோலத்தை மட்டும் வாங்கி அங்கேயே கட்டிக்கொள்ளக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது அரச குடும்பத்துக்கு உரியது. அரண்மனைக்குள் மற்றவர்கள் உடுத்தி வர விடமாட்டார்கள். வெளியே தெருவில் எல்லோரும் போட்டிருப்பார்கள், அது வேறு. ஞாயிறு ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து வரைவதாகத் திட்டம். போன முறை ஒரு பட்டறை வாசலில் பத்து நிமிடம் நின்றேன். ஒரு பாட்டி சாந்திங்கை மெழுகுச் சட்டியில் முக்கி எடுத்து, மூக்கில் அடைத்திருக்கிறதா என்று 'ஃபூ' என்று ஒரு ஊது ஊதி, மடியில் கிடந்த துணியில் வைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கோடு இழுத்துக்கொண்டே பக்கத்துப் பெண்ணோடு வம்பு பேசிக்கொண்டிருந்தார்.

வயாங் குலிட் நிழற்கூத்து சோனோபுதோயோவில் இரவில் இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கி நடத்துகிறார்கள். ஊர்களில் விடிய விடிய நடக்கும். எருமைத்தோல் பாவை, ஒரே ஆள், தாலாங், எல்லாக் குரலையும் பேசுவார். அதில் மூலக் காவியத்திலேயே இல்லாத செமாரும் அவன் மூன்று பிள்ளைகளும் வந்து நடப்பு அரசியலைக் கிண்டல் செய்வார்கள். நம் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து செய்கிற வேலை. அம்மா சின்ன வயதில் ஊர்த் திடலில் பார்த்திருக்கிறாள். ராமர் சீதை முகம் மறந்துவிட்டதாம், உளுவத்தலையன் அடிவாங்கியது ஞாபகமிருக்கிறதாம்.

செவ்வாய்க்கிழமைக்குச் சம்பிசாரி. 1966இல் ஒரு விவசாயி நிலத்தைக் கொத்தும்போது கல்லில் மண்வெட்டி பட்டது. தோண்டத் தோண்ட ஒரு முழுச் சிவன் கோவில். ஆறரை மீட்டர் ஆழத்தில், எரிமலைச் சாம்பலுக்குள். இன்றைக்கும் கோவில் பள்ளத்துக்குள்தான் இருக்கிறது. சுற்றிலும் புல்தரையில் நின்று கோபுரத்தைக் கண்மட்டத்தில் பார்க்கலாம். உள்ளே லிங்கம், சுற்றி அதே அகத்தியர், பிள்ளையார், துர்க்கை. இறங்கப் படிகள் உண்டு, ஆனால் மேலிருந்தே முழுதும் தெரிவதால் முழங்காலுக்குப் பிரச்சினை இல்லை. கூட்டமும் இருக்காது.

எரிமலை என்றதும் அம்மா படிக்க ஆரம்பித்துவிட்டாள். மெராப்பி ஊரிலிருந்து 30 கிலோமீட்டர் சுமார். 2010இல் வெடித்தபோது முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுல்தான் நியமித்த மலைக் காவலர் ம்பா மாரிஜான், போகச் சொல்லியும் போகாமல், அங்கேயே இறந்தார். 2020 நவம்பரிலிருந்து நான்கு நிலை எச்சரிக்கையில் மூன்றாம் நிலையில் வைத்திருந்தார்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் நிலவரம் பார்ப்பேன், மலைச்சரிவு ஜீப் சவாரி கிடையாது என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் அடங்கினாள். பயணக் காப்பீடும் எடுத்தாயிற்று.

நேற்று ராத்திரி திடீரென்று, "எனக்கு வெத்தோன் என்ன வரும்?" என்றாள்.

பாஸ்போர்ட்டில் இருப்பதைப் போட்டேன். 1-6-1958. ஞாயிறு பாஹிங் என்று வந்தது.

"அது ஹெட்மாஸ்டர் போட்ட தேதி. எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணு." உள்ளே போய் பீரோவிலிருந்து தாத்தாவின் நோட்டை எடுத்து வந்தாள். விளம்பி வருடம், ஆவணி, வெள்ளிக்கிழமை, கோகுலாஷ்டமி சமயம். பக்கத்தில் நீல மசியில் 5-9-1958.

மறுபடி போட்டேன். வெள்ளி பொன்.

"உனக்கும் பொன்தாம்மா. நம்ம போற திங்கட்கிழமையும் பொன்."

அம்மா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள், "நம்ம திரும்பறது என்னிக்கு?"

"புதன்."

"பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்க. அன்னிக்கு ஏண்டி பிளேன்ல உக்காந்திருக்கணும்? ஒருநாள் தள்ளிப் போட்டா எவ்வளவு ஆகும்னு பாரு."

பார்த்தேன். ஆளுக்கு நாலாயிரத்துச் சொச்சம். "ரூபியாவா, ரூபாயா?" என்றாள்.